கிழிந்த, கரையான் அரித்த, கருகிய நோட்டுகளை மாற்றுவது எப்படி?

பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில், சேலை மடிப்புக்குள் பாட்டி சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கரையான் தின்றிருந்தது. அதை மாற்றப் போனபோது இடத்துக்கு ஒரு பதில் வந்தது. ஒரு கிளையில் "உங்க கணக்கு இங்கயா இருக்கு?" என்று கேட்டார்கள். இன்னொரு கிளையில் "இதெல்லாம் ரிசர்வ் பேங்குக்குத்தான் சார் போகணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். வாசலில் நின்ற ஒருவர் "பாதிக்குப் பாதி தர்றேன், கொடுங்க" என்றார். இதற்கெல்லாம் எழுதி வைத்த விதி இருக்கிறது. ஆனால் அது சாதாரண மனிதர் கண்ணில் படும் இடத்தில் இல்லை. நீங்களும் அப்படி அலையக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. உங்கள் கையிலுள்ள நோட்டு ரிசர்வ் வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடனுக்கான சீட்டு. ஆளுநர் கையெழுத்துப் போட்டு உறுதி சொல்லியிருப்பது அதைத்தான். சீட்டில் ஒரு பகுதி காணாமல் போனால், அந்தப் பகுதி வேறு யார் கையிலாவது இருக்கலாம், அவரும் வந்து பணம் கேட்கலாம் என்று ரிசர்வ் வங்கி யோசிக்கிறது. ஒரே நோட்டுக்கு இரண்டு முறை பணம் போய்விடக் கூடாது. கீழே வரும் எல்லா விதிகளும் இந்த ஒரு கவலையிலிருந்து வந்தவைதான்.

இன்னொன்று. 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 28ஆவது பிரிவுப்படி, தொலைந்த, திருடுபோன, சிதைந்த நோட்டுக்குப் பணம் கேட்பது யாருடைய உரிமையும் இல்லை. சலுகையாகத் தரலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. அந்தச் சலுகை எப்போது, எவ்வளவு என்பதை 2009இல் வந்த நோட்டுப் பணம் திருப்பித் தரும் விதிகள் வரையறுக்கின்றன. 2018 செப்டம்பரில் அவற்றில் முக்கியமான திருத்தம் வந்தது. ஆகவே சட்டம் பேசிச் சண்டை போடுவதைவிட, விதியைத் தெரிந்துகொண்டு சரியான கவுண்டருக்குச் சரியான விதத்தில் கொண்டுபோவதுதான் வேலைக்காகும்.

1. முதலில் தரம் பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொண்டுபோனால் கேஷியர் மேலாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். வீட்டிலேயே நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், அழுக்கு நோட்டுகள். புழங்கிப் புழங்கி நைந்தவை, கறை படிந்தவை, மடிப்பில் விட்டுப்போனவை. இரண்டாகக் கிழிந்திருந்தாலும், இரண்டு துண்டும் ஒரே நோட்டுடையதாக இருந்து, முக்கியமான எதுவும் காணாமல் போகாமல் முழு நோட்டாகச் சேருமானால் அதுவும் இந்தக் குவியல்தான். இவற்றை மாற்றுவதில் பெரிய சிக்கல் இல்லை. முழு மதிப்பும் கிடைக்கும்.

இரண்டாவது, சிதைந்த நோட்டுகள். ஒரு பகுதியே காணாமல் போனவை, இரண்டுக்கு மேல் துண்டானவை. கரையான், எலி, குழந்தை, மிக்ஸி ஜார் எது தின்றிருந்தாலும் இங்கேதான் வரும்.

மூன்றாவது, பகுதி எதுவும் காணாமல் போகவில்லை, ஆனால் அச்சு அழிந்துவிட்டது, சுருங்கிவிட்டது, சாயம் போய்விட்டது என்பவை. சட்டைப் பையோடு சலவை இயந்திரத்துக்குள் போன நோட்டு இந்த ரகம். அச்சு முழுவதுமாக அழியாமல், இது உண்மையான நோட்டுதான் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் பணம் உண்டு.

நான்காவது, கருகியவை, தொட்டால் பொடியாகும் அளவுக்கு மொறுமொறுவென ஆனவை, நனைந்து பிரிக்க முடியாதபடி கட்டியாக ஒட்டிப்போனவை. இவற்றை எந்த வங்கிக் கிளையும் வாங்காது, வாங்கவும் கூடாது. நேராக ரிசர்வ் வங்கியின் நோட்டு வெளியீட்டு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். இந்தக் குவியலைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். ஏழாவது படியில் வருகிறேன்.

பிரிக்கும்போதே கண்ணில் படும் சில நோட்டுகளை ஒதுக்க வேண்டியிருக்கும். 2016 நவம்பர் 8 அன்று செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளுக்கு இன்று மதிப்பே கிடையாது. 2017இல் வந்த சட்டம் ரிசர்வ் வங்கியின் பொறுப்பையே முடித்துவிட்டது. பத்துக்கு மேல் வைத்திருப்பதும் குற்றம். யாராவது "அதையும் மாத்தித் தர்றேன், முன்பணம் கொடுங்க" என்றால் அது மோசடி. அதேபோல், கள்ள நோட்டோ என்று சந்தேகம் தரும் எதையும் கட்டுக்குள் கலக்காதீர்கள். வங்கியில் கண்டுபிடித்தால் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ரசீது மட்டும் தருவார்கள், பணம் வராது. ஒரே தடவையில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் உடனே காவல் நிலையத்தில் புகார் பதிவாகும்.

2. ஒட்டாதீர்கள், உரிக்காதீர்கள், வெட்டாதீர்கள்

நல்ல நோக்கத்தோடு செய்யும் காரியங்கள்தான் இதில் கெடுக்கும்.

கரையான் மண்ணை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும், தண்ணீரில் கழுவ வேண்டாம். நனைந்த நோட்டுகளை நிழலில் விரித்துக் காய வையுங்கள். இஸ்திரிப் பெட்டி வைத்தால் தாள் மொறுமொறுப்பாகி, வங்கியிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை ரிசர்வ் வங்கி வரை போய்விடும். ஒட்டியிருக்கும் கட்டியை நகத்தால் உரிக்கவே கூடாது. இரண்டு நோட்டு பிரியும், பத்து நோட்டு கிழியும்.

செல்லோடேப் விஷயத்தில் கவனம். வரிசை எண் மீதோ பாதுகாப்பு இழை மீதோ டேப் ஒட்டினால் பரிசோதிப்பவருக்கு அது தெரியாது, உங்களுக்குத்தான் நஷ்டம். துண்டுகளைச் சேர்த்துக் காட்ட வேண்டுமானால் ஒரு நோட்டின் துண்டுகளை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஸ்டேப்ளர் வேண்டாம். வேறு வேறு நோட்டுகளின் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து "முழு நோட்டு" ஆக்கவே வேண்டாம். வரிசை எண் காட்டிக் கொடுத்துவிடும், உங்கள் மற்ற நோட்டுகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். வேண்டுமென்றே வெட்டியது, கிழித்தது என்று அதிகாரி முடிவு செய்தால் கோரிக்கையை நிராகரிக்கலாம்.

நோட்டில் எழுதியிருந்தால் செல்லாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது உண்மையில்லை. கணக்கு எழுதிய நோட்டும் காதலி பெயர் எழுதிய நோட்டும் செல்லும். எழுதக் கூடாது என்பது வேண்டுகோள் மட்டுமே. ஆனால் கோஷமோ அரசியல் வாசகமோ எழுதப்பட்ட நோட்டு என்றால் கதை வேறு. அதற்குப் பணம் கேட்டால் விதிப்படி நிராகரிக்கப்படும்.

3. எவ்வளவு திரும்ப வரும்? ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்கள்

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். வங்கிக்குப் போகும் முன்பே உங்களுக்கு வர வேண்டிய தொகையை நீங்களே கணக்கிட்டுவிடலாம். கணக்கிட்டுவிட்டுப் போனால் பேச்சே மாறிவிடும்.

20 ரூபாய் வரையிலான நோட்டுகளுக்கு விதி நேரானது. இருக்கும் துண்டுகளில் ஆகப் பெரிய ஒரே துண்டு, நோட்டின் மொத்தப் பரப்பில் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு. சரியாகப் பாதியோ அதற்குக் குறைவோ என்றால் ஒன்றும் இல்லை. இதில் அரை மதிப்பு என்ற பேச்சே கிடையாது.

50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் மூன்று நிலை. பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு. 40 முதல் 80 சதவீதம் வரை அரை மதிப்பு. 40க்குக் கீழே போனால் எதுவும் வராது.

இந்த எண்களை ஏதோ கண்ணை மூடிக்கொண்டு போட்டதாக முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அழகாகப் பொருந்துகிறது. ஒரு 500 ரூபாய் நோட்டு இரண்டாகக் கிழிந்து இரண்டு பேர் கையில் சிக்கியது என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் 85 சதவீதம் இருந்தால் அவருக்கு 500. மிச்சம் 15 சதவீதம் வைத்திருப்பவருக்கு எதுவும் இல்லை. 60க்கு 40 என்று பிரிந்தால் ஆளுக்கு 250. 70க்கு 30 என்றால் ஒருவருக்கு 250, மற்றவருக்கு எதுவும் இல்லை. எப்படிப் பிரிந்தாலும் ரிசர்வ் வங்கி கொடுப்பது 500ஐத் தாண்டாது. 20 ரூபாய் நோட்டுக்கும் அப்படியே. ஒரே நோட்டில் பாதிக்கு மேலான துண்டு இரண்டு பேரிடம் இருக்க முடியாதே.

சரி, இப்போது அளப்போம். இப்போது புழங்கும் 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் அகலம். அதாவது பள்ளிப் பிள்ளைகளின் 15 சென்டிமீட்டர் ஸ்கேல் நீளம்தான். அகலம் முழுவதும் அப்படியே இருந்து ஓர் ஓரத்திலிருந்து நேராகப் போயிருந்தால், நீளத்தை மட்டும் பார்த்தால் போதும். மிச்சம் 12 சென்டிமீட்டரைத் தாண்டினால் முழு மதிப்பு, 6 முதல் 12 வரை அரை மதிப்பு, 6க்குக் கீழே ஒன்றும் இல்லை. 200 ரூபாய் நோட்டு 146 மில்லிமீட்டர் நீளம். அதற்கு எல்லைக்கோடு சுமார் 11.7 சென்டிமீட்டரும் 5.8 சென்டிமீட்டரும். ஊதா நிறப் புது 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 11.4 சென்டிமீட்டரும் 5.7 சென்டிமீட்டரும். புது 50 ரூபாய் 135 மில்லிமீட்டர், 10.8 சென்டிமீட்டரும் 5.4 சென்டிமீட்டரும்.

ஆனால் கரையான் நேர்கோட்டில் தின்பதில்லை. ஒரு மூலையிலிருந்து வளைந்து வளைந்து உள்ளே போயிருக்கும், நடுவில் ஓட்டைகளும் இருக்கும். அதற்கு ஒரு கிராஃப் தாள் வாங்குங்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் உள்ள தாளில், அதே மதிப்புள்ள நல்ல நோட்டை வைத்துப் பென்சிலால் ஓரம் வரையுங்கள். அதற்குள் சிதைந்த நோட்டைப் பொருத்தி, அரித்துப்போன இடத்தில் தெரியும் கட்டங்களை எண்ணுங்கள். பாதிக்கு மேல் தெரிவதை ஒன்றாகவும் பாதிக்குக் கீழே தெரிவதை விட்டும் எண்ணினால் போதும். 500 ரூபாய் நோட்டின் மொத்தப் பரப்பு 99 சதுர சென்டிமீட்டர். போனது 19 கட்டத்துக்குள் இருந்தால் முழு மதிப்பு எதிர்பார்க்கலாம். 20ஐத் தொட்டுவிட்டால் அரைதான்.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, ஒப்பிடும் நோட்டு அதே வரிசையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பழைய 100 ரூபாய் நோட்டு புதியதைவிட நீளத்திலும் அகலத்திலும் பெரியது, அது இன்னும் செல்லும். புதியதை வைத்துப் பழையதை அளந்தால் கணக்கு தப்பும். இரண்டாவது, "ஆகப் பெரிய ஒரே துண்டு" என்பதை மறந்துவிடக் கூடாது. துண்டுகளின் பரப்பையெல்லாம் கூட்டக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: 50 ரூபாயும் அதற்கு மேலுமுள்ள நோட்டு இரண்டு துண்டாக இருந்து, இரண்டும் ஒரே நோட்டுடையதாக இருந்து, ஒவ்வொன்றும் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு மதிப்பும் உண்டு. அதனால் இரண்டு துண்டாக இருப்பதை பையில் திணித்து மூன்று துண்டாக்கிவிடாதீர்கள். முழு மதிப்பு அரை மதிப்பாகிவிடும்.

ஒவ்வொரு நோட்டுக்கும் எதிர்பார்க்கும் தொகையை ஒரு தாளில் எழுதுங்கள்: மதிப்பு, வரிசை எண், மிஞ்சியிருக்கும் சதவீதம், வர வேண்டியது. அப்புறம் எல்லாவற்றையும் கைபேசியில் இரு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

4. எந்தக் கிளைக்குப் போவது?

அழுக்கு நோட்டையும் சிதைந்த நோட்டையும் மாற்றித் தரும் வசதி வங்கிகளின் எல்லாக் கிளைகளிலும் பொதுமக்கள் அனைவருக்கும் இருக்க வேண்டும் (சிறு நிதி வங்கிகளும் பேமென்ட் வங்கிகளும் சிதைந்த நோட்டை மாற்றித் தருவது மட்டும் அவர்கள் விருப்பம்). அந்தக் கிளையில் உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டியதில்லை. "கணக்கு இங்கயா?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

ஆனாலும் எல்லாக் கிளையும் ஒன்றல்ல. சில கிளைகளில் கரன்சி செஸ்ட் என்று ஒரு பெட்டகம் இருக்கும். அதிலுள்ள பணம் அந்த வங்கியுடையதல்ல, ரிசர்வ் வங்கியுடையது. புதிதாக அச்சான நோட்டுகள் வெளியீட்டு அலுவலகத்திலிருந்து இங்கே வந்து, இங்கிருந்துதான் மற்றக் கிளைகளுக்கும் ஏ.டி.எம்.களுக்கும் போகின்றன. கெட்டுப்போன நோட்டுகளும் இதே பாதையில்தான் திரும்பிப் போகும். அவற்றை ரிசர்வ் வங்கி மறுபடி வெளியிடுவதில்லை. இயந்திரத்தில் சரிபார்த்துத் தூளாக்கிவிடுகிறார்கள். ஆக, சிதைந்த நோட்டில் பழக்கப்பட்ட கை செஸ்ட் கிளையில்தான் இருக்கும். உங்கள் ஊரில் எது செஸ்ட் கிளை என்று எந்த வங்கியிலும் கேளுங்கள், சொல்வார்கள். மாவட்டத் தலைநகரின் பெரிய கிளைகளில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

எண்ணிக்கை இப்படிப் பார்க்கப்படுகிறது.

அழுக்கு நோட்டு என்றால் ஒரு நாளைக்கு 20 நோட்டு வரை, மதிப்பு 5,000 ரூபாய்க்குள் என்றால் கவுண்டரிலேயே கட்டணமில்லாமல் மாற்றித் தர வேண்டும். அதைத் தாண்டினால் ரசீது கொடுத்து வாங்கிக்கொண்டு பிறகு கணக்கில் வரவு வைக்கலாம், சேவைக் கட்டணமும் கேட்கலாம்.

சிதைந்த நோட்டு ஐந்து வரை என்றால் செஸ்ட் இல்லாத சாதாரணக் கிளையே பரிசோதித்துப் பணம் தர வேண்டும். அவர்களால் முடிவு செய்ய முடியாவிட்டால் ரசீது கொடுத்து வாங்கி, செஸ்ட் கிளைக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பணம் வரும் உத்தேசத் தேதியை ரசீதிலேயே குறிப்பிட வேண்டும். அது 30 நாளைத் தாண்டக் கூடாது.

ஐந்துக்கு மேல், ஆனால் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் என்றால் செஸ்ட் கிளைக்கு நேரில் போகலாம், அல்லது இன்ஷூர் செய்த தபாலில் அனுப்பலாம். 5,000 ரூபாயைத் தாண்டினால் செஸ்ட் கிளைக்குத்தான் போக வேண்டும்.

எங்களுடையது கடைசி வகை. முதலிலேயே செஸ்ட் கிளைக்குப் போயிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

5. கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

சில நோட்டுகள் மட்டும் என்றால் பெரிதாக எதுவும் தேவையில்லை. கொஞ்சம் பெரிய தொகை என்றால் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, அதன் நகல்; வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல்; நீங்கள் எழுதிய பட்டியல் இரண்டு பிரதி; ஒரு கடிதம். தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் பான் அட்டையும் வையுங்கள். பணம் எப்படி வந்தது என்று கேட்பார்கள், கேட்பது அவர்கள் கடமை. தீ விபத்து என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை, வெள்ளம் என்றால் கிராம நிர்வாக அலுவலரின் சான்று இருந்தால் நல்லது. விதி இவற்றைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. ஆனால் சிதைவு தற்செயலானது என்று அதிகாரி நம்புவதற்கு உதவும்.

கடிதத்தை இப்படி எழுதலாம்:

"ஐயா, என் வீட்டில் இருந்த கீழ்க்கண்ட நோட்டுகள் கரையான் அரித்துச் சிதைந்துள்ளன. இவற்றை ரிசர்வ் வங்கியின் 2009ஆம் ஆண்டு நோட்டுப் பணம் திருப்பித் தரும் விதிகளின்படி பரிசோதித்து, உரிய தொகையை என் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கணக்கு எண், கிளை, ஐ.எஃப்.எஸ்.சி. எண் கீழே உள்ளன. நோட்டுகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. பெற்றுக்கொண்டதற்கு ரசீது தர வேண்டுகிறேன்."

விதியின் பெயரைச் சொல்லும் அந்த ஒரு வரிக்கு நல்ல பலன் உண்டு. விவரம் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

6. கவுண்டரில்

மாதத்தின் முதல் வாரத்தில் போகாதீர்கள். சம்பளம், ஓய்வூதியம், முதியோர் உதவித்தொகை எல்லாம் சேர்ந்து கேஷியர் நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லாமல் இருப்பார். மாத நடுவில், காலையில் கிளை திறந்து சற்று நேரம் கழித்துப் போவது நல்லது.

முடிவெடுப்பவர் கேஷியர் அல்ல. அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி ஒருவர் கிளையில் இருப்பார், பல இடங்களில் மேலாளரே அவர். அதனால் கேஷியரோடு வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. "சிதைந்த நோட்டைப் பரிசோதிக்கிற அதிகாரி யாருங்க சார்?" என்று கேட்டு அவரிடம் போங்கள். ஒவ்வொரு நோட்டாக உங்கள் எதிரிலேயே பார்த்து, முழுசா, அரையா, இல்லையா என்று குறிப்பார். பணம் தரப்படும் நோட்டில் அதற்கான முத்திரை விழும். அதே நோட்டு மறுபடி வேறு கவுண்டருக்கு வராமல் இருக்க அதுதான் காவல். யாராவது உங்களிடம் அப்படி முத்திரை விழுந்த நோட்டைத் தள்ளிவிட்டால், அதற்கு மறுபடி பணம் கிடையாது.

உங்கள் கணக்கும் அவர் கணக்கும் வேறுபட்டால் கிராஃப் தாளைக் காட்டுங்கள். எல்லைக்கோட்டில் இருக்கும் நோட்டுகளில் எங்களுக்கு அது உதவியது. எதிரில் இருந்தவர் மறுபடி அளந்து பார்த்தார்.

எதுவானாலும் நோட்டுகளைக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் எழுந்து வராதீர்கள். ரசீதில் எண்ணிக்கை, மதிப்பு, தேதி, முத்திரை, கையெழுத்து ஐந்தும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

7. கருகியதும் ஒட்டிப்போனதும்: ரிசர்வ் வங்கிக்கு

இந்த வேலைக்கு நாட்டில் 19 வெளியீட்டு அலுவலகங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னையில் மட்டும்தான், ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்கும் கோட்டை நிலையத்துக்கும் இடையில். ஆனால் சென்னைக்குத்தான் வர வேண்டும் என்றில்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு பக்கம். இரண்டு ஊரிலும் வெளியீட்டு அலுவலகம் உண்டு.

கருகிய நோட்டுகளை எடுத்துப் போவதே தனி வேலை. எந்தப் பாத்திரத்தில், எந்தப் பெட்டியில் எரிந்ததோ, முடிந்தால் அதோடு எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் அட்டைப் பெட்டியில் பஞ்சு பரப்பி, கட்டைக் கலைக்காமல் வைத்து, மேலேயும் பஞ்சு வைத்து மூடுங்கள். மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யுங்கள், லக்கேஜில் போட வேண்டாம். சாம்பலாகிப் போனதற்கு எதுவும் செய்ய முடியாது. அச்சு தெரியும் அளவுக்கு மிஞ்சியிருப்பதைத்தான் பரிசோதிப்பார்கள்.

இந்த நோட்டுகளுக்குப் பரிசோதனை முறையே வேறு. உடனே பணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடிதம், அடையாள அட்டை, கணக்கு விவரம் மூன்றும் கட்டாயம் கையில் இருக்கட்டும். தொகை கணக்கில்தான் வரும்.

சாதாரணச் சிதைந்த நோட்டுகளையும் இங்கே கொடுக்கலாம். வரிசையில் நிற்க முடியாதவர்களுக்காக மூன்று பூட்டுப் போட்ட பெட்டி வசதி உண்டு. பெயர், முகவரி, நோட்டு விவரம், கணக்கு விவரம் எழுதிய உறையில் நோட்டுகளைப் போட்டுப் பெட்டியில் இடுவது. அதற்கு ஒரு டோக்கன் தருவார்கள். டோக்கனைப் படம் எடுத்துவிடுங்கள்.

8. 2,000 ரூபாய் நோட்டு கிடைத்தால்

பழைய பெட்டியில் இதுவும் அடிக்கடி கிடைக்கும். 2023 மே 19 அன்று புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தார்கள், ஆனால் செல்லாது என்று சொல்லவில்லை. 2023 அக்டோபர் 7க்குப் பிறகு வங்கிக் கிளைகள் வாங்குவதில்லை. மேலே சொன்ன 19 அலுவலகங்களில் ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை மாற்றலாம். கணக்கில் வரவு வைக்கச் சொன்னால் அந்த வரம்பு கிடையாது. நேரில் போக முடியாதவர்கள் எந்தத் தபால் நிலையத்திலிருந்தும் இந்த அலுவலகங்களில் ஒன்றுக்கு அனுப்பி வரவு வைக்கக் கேட்கலாம். படிவமும் அடையாள நகலும் சேர்த்து அனுப்ப வேண்டும். கமிஷன் வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிறேன் என்பவர்களுக்கு இங்கே வேலையே இல்லை.

9. செலவும் நேரமும்

சிதைந்த நோட்டைப் பரிசோதித்து மாற்றித் தர வங்கிக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் செலவு பஸ் கட்டணம், நகல் எடுப்பது, ஒரு கிராஃப் தாள், தபாலில் அனுப்பினால் இன்ஷூரன்ஸ். பணத்தைச் சாதாரணத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பாதீர்கள், தொலைந்தால் கேட்க முடியாது.

ஐந்து நோட்டுக்குள் என்றால் பெரும்பாலும் அன்றே கையில் பணம். செஸ்ட் கிளைக்கு அனுப்பி வைத்தாலோ தபாலில் போனாலோ 30 நாள் வரை ஆகலாம். கருகிய நோட்டுகளுக்குப் பொறுமை வேண்டும். அந்தப் பணத்தை நம்பிக் கடன் தவணையோ பள்ளிக் கட்டணமோ திட்டமிடாதீர்கள்.

10. மாட்டேன் என்றால்

முதலில் மேலாளர். அவரிடமும் நடக்கவில்லை என்றால், "நோட்டை வாங்க மறுத்ததற்கான காரணத்தை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே வேலை முடியும். மறுப்பதை எழுத்தில் தர யாருக்கும் விருப்பம் இருக்காது.

அதற்கும் மசியவில்லை என்றால் அந்த வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் அனுப்பி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் சி.எம்.எஸ். என்ற இணையப் புகார்த் தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். வங்கியிடம் முதலில் புகார் செய்யாமல் நேராக அங்கே போனால் ஏற்க மாட்டார்கள். எப்படிப் பதிவது என்று தெரியாவிட்டால் 14448 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். புகாரோடு நோட்டுகளின் படம், உங்கள் பட்டியல், கிளைக்குப் போன தேதி, வங்கிக்கு அனுப்பிய புகாரின் நகல் நான்கையும் இணையுங்கள். நோட்டுகளை இணைத்து அனுப்பாதீர்கள், அவை உங்களிடமே இருக்கட்டும்.